ஊசியை வெளியே எடுத்த பிறகு: மருத்துவமனை ஊழியர்களும் ஊசிக்குத்துக் காயமும்

ஊசி போட்டுக்கொள்பவருக்கு அது உள்ளே இறங்கும் நொடிதான் பயம். போடுகிறவருக்கு ஆபத்து தொடங்குவது அதை வெளியே எடுத்த பிறகு. இரத்தம் பட்ட ஊசி ஒரு கையில் இருக்கிறது. மறு கை நோயாளியின் தோலில் பஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறது. ஊசியின் மூடி டிரேயில் எங்கோ உருண்டு கிடக்கிறது. ஊசியைப் போடவேண்டிய டப்பாவோ வார்டின் மறு கோடியில், சிஸ்டர் மேசைக்குப் பக்கத்தில். இடையில் வரிசையாகக் கட்டில்கள், கட்டிலுக்குக் கட்டில் சொந்தக்காரர்கள். டிரிப்ஸ் தீர்ந்துவிட்டது என்று யாரோ கூப்பிடுகிறார்கள். அந்த அரை நிமிடத்தில் அந்த ஊசி எங்கே போகிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. செவிலியர் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள், ஆய்வக வேலைக்குப் போகிறவர்கள், மருத்துவமனையில் கூட்டித் துடைக்கும் வேலை பார்ப்பவர்கள், இவர்களுடைய வீட்டார் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

நோயாளியிடம் பயன்படுத்திய ஊசி, பிளேடு, தையல் ஊசி, சர்க்கரை பார்க்கும் லான்செட், உடைந்த கண்ணாடிக் குழாய் என்று கூர்மையான ஏதாவது ஒன்று ஊழியரின் தோலைத் துளைத்துவிட்டால் அதை ஊசிக்குத்துக் காயம் என்கிறார்கள். பெரும்பாலும் கடுகளவு காயம்தான். ஒரு சொட்டு இரத்தம் வரும். சில சமயம் அதுவும் வராது. பிளாஸ்திரிகூடத் தேவைப்படாத காயத்துக்கு ஏன் இத்தனை பேச்சு என்றால், நோயாளியின் இரத்தத்தில் இருக்கும் வைரஸ் அந்தத் துளை வழியாக ஊழியரின் உடம்புக்குள் போய்விடலாம். உலகில் மூன்றரைக் கோடி மருத்துவப் பணியாளர்கள் இருந்த காலத்தில், அவர்களில் ஆண்டுக்கு 30 லட்சம் பேர் இப்படிக் கிருமியுள்ள இரத்தத்துக்கு ஆளாகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2002ஆம் ஆண்டு அறிக்கையில் கணக்கிட்டது. 2000ஆம் ஆண்டில் மட்டும் இதனால் கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களான ஹெபடைடிஸ் பி ஏறத்தாழ 66,000 பேருக்கு, ஹெபடைடிஸ் சி 16,000 பேருக்கு, எச்.ஐ.வி. 1,000 பேருக்குத் தொற்றியிருக்கும் என்றும் மதிப்பிடப்பட்டது. இவை மதிப்பீடுகள்தான். குத்திக்கொண்டதை வெளியே சொல்லாதவர்கள் ஏராளம் என்பதால் இந்த விஷயத்தில் துல்லியமான கணக்கு யாரிடமும் இருக்க வாய்ப்பில்லை.

முப்பது, மூன்று, புள்ளி மூன்று

இரத்தம் வழியாகப் பரவக்கூடிய கிருமிகள் இருபதுக்கு மேல் உண்டு. அன்றாட வார்டு வேலையில் கவலைப்பட வேண்டியவை மூன்று. அவற்றின் ஆபத்தை நினைவில் வைத்துக்கொள்ள மருத்துவ மாணவர்களிடையே ஒரு வாய்ப்பாடு இருக்கிறது: முப்பது, மூன்று, புள்ளி மூன்று.

ஹெபடைடிஸ் பி உள்ள நோயாளியிடம் பயன்படுத்திய ஊசி, தடுப்பூசி போடாத ஒருவரைக் குத்தினால் நூற்றுக்கு 30 பேர் வரை தொற்றுக்கு ஆளாகலாம். நோயாளியின் இரத்தத்தில் வைரஸ் குறைவாக இருந்தால் இது ஆறு அளவுக்கு இறங்கும். ஹெபடைடிஸ் சி என்றால் நூற்றுக்குச் சுமார் மூன்று என்பது பழைய பாடம்; பிறகு வந்த ஆய்வுகள் அதை இரண்டுக்கும் கீழே கொண்டுவந்துவிட்டன. எச்.ஐ.வி. என்றால் 0.3, அதாவது ஆயிரம் பேரைக் குத்தினால் மூன்று பேர். இரத்தம் கண்ணிலோ வாயிலோ தெறித்தால் இன்னும் குறைவு, ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று.

வார்டில் நிலவும் பயமோ இந்த வாய்ப்பாட்டைத் தலைகீழாக நிறுத்தியதுபோல இருக்கும். எச்.ஐ.வி. என்று தெரிந்தால் மூச்சு நின்றுவிடுகிறது. ஹெபடைடிஸ் பி என்றால், மஞ்சள் காமாலைதானே என்று கடந்துபோகிறார்கள். அந்த 'மஞ்சள் காமாலை' நூறு மடங்கு எளிதாகத் தொற்றுகிறது. காய்ந்துபோன இரத்தக் கறையில்கூட ஏழு நாள் வரை உயிரோடிருக்கிறது. சிலருக்கு உடம்பிலேயே தங்கிப் பல ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் சுருக்கத்திலோ புற்றுநோயிலோ கொண்டுபோய் விடுகிறது. மூன்றில் தடுப்பூசி இருப்பதும் இதற்கு ஒன்றுக்கு மட்டும்தான். அதிக ஆபத்துள்ளதற்கு முழுப் பாதுகாப்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க, அதைப் போட்டுக்கொள்ளாமல் எச்.ஐ.வி. நோயாளியின் கட்டிலைக் கண்டு ஒதுங்கி நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எல்லாக் குத்தும் ஒன்றல்ல. சிரிஞ்ச் ஊசிக்கும், டிரிப்ஸ் ஏற்றுவதற்காகக் கையில் குத்தும் வென்ஃப்ளான் ஊசிக்கும் நடுவில் துளை இருக்கிறது. அந்தத் துளைக்குள் இரத்தம் தங்கிவிடும். குத்தும்போது அது உள்ளே போகும். தையல் ஊசி கெட்டியானது. அதன் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் இரத்தம் மட்டுமே ஆபத்து, அதிலும் ஒரு பகுதியைக் கையுறை துடைத்துவிடும். ஆழமாகக் குத்தியதா, ஊசியில் இரத்தம் கண்ணுக்குத் தெரிந்ததா, அது நோயாளியின் இரத்தக் குழாய்க்குள் இருந்த ஊசியா, நோயாளி நோய் முற்றிய நிலையில் இருந்தாரா என்று நான்கு கேள்விகளைக் கேட்டுத்தான் மருத்துவர் ஆபத்தை எடைபோடுவார். வியர்வை, கண்ணீர், எச்சில், சிறுநீர் ஆகியவற்றில் இரத்தம் கலந்திருந்தாலொழிய இந்த மூன்றுக்காகவும் அஞ்சத் தேவையில்லை.

மூடியின் கதை

'கவனமாக இரு' என்பதுதான் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை. குத்திக்கொண்டால் 'கவனமில்லாமல் இருந்திருக்கிறாய்' என்பது தீர்ப்பு. இந்த இரண்டு வாக்கியங்களாலும் யாரும் பாதுகாப்பாக ஆனதில்லை.

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜானின் ஜாகர் என்ற ஆய்வாளர், வாகன விபத்துக் காயங்களைப் படித்துவந்தவர், ஊசிக்குத்தையும் அதே கண்ணோடு பார்த்தார். காரில் சீட் பெல்ட் வந்தது ஓட்டுநர்களின் கவனத்தை நம்பாமல்தானே! அவரும் உடன் ஆய்வாளர்களும் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் ஒரே மருத்துவமனையில் நடந்த 326 ஊசிக்குத்துகளை எடுத்துக்கொண்டு, யாரைக் குத்தியது என்பதோடு நிற்காமல் எந்தக் கருவி குத்தியது என்று பார்த்தார்கள். எண்ணிக்கையில் அதிகம் குத்தியது சாதாரண சிரிஞ்ச். ஆனால் வாங்கிய எண்ணிக்கையோடு வகுத்துப் பார்த்தபோது அதுதான் குறைந்த ஆபத்துள்ளதாக இருந்தது. பயன்படுத்திய பின் பாகம் பாகமாகக் கழற்ற வேண்டிய கருவிகள் அதைப்போல ஐந்து மடங்கு வரை குத்தியிருந்தன. கையை ஊசிமுனைக்குப் பக்கத்தில் கொண்டுபோகச் சொல்லும் கருவி குத்தத்தானே செய்யும்!

அந்த ஆய்வில் மூன்றில் ஒரு பங்கு காயம் மூடியைத் திரும்பப் போடும்போது நேர்ந்தது. ஊசியில் மூடி போடும் கையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு கையில் சிரிஞ்ச், இன்னொரு கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் மூடி. மூடியின் வாய் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அதைப் பிடித்திருக்கும் விரல்களுக்கும் அந்த வாய்க்கும் இடைவெளி அதைவிடக் குறைவு. இரண்டு கைகளும் ஒன்றையொன்று நோக்கி வருகின்றன. இலக்கு ஒரு மயிரிழை பிசகினால் விரல். சரியாக உள்ளே போனாலும், மூடியின் பக்கவாட்டைத் துளைத்துக்கொண்டு ஊசி வெளியே வருவதும் உண்டு.

இது தெரிந்தும் ஏன் மூடி போடுகிறார்கள்? ஜாகரின் குழு இதையும் கேட்டது. மூடாத ஊசியோடு கருவியைக் கழற்றுவது அதைவிட ஆபத்தாகத் தெரிந்தது என்றார்கள். நான்கைந்து திறந்த ஊசிகளை ஒன்றாக எடுத்துக்கொண்டு டப்பா வரை நடக்க முடியாது என்றார்கள். இரண்டும் நியாயமான பதில்கள். மூடி போட்டவர் ஓர் ஆபத்திலிருந்து தப்பிக்கத்தான் இன்னோர் ஆபத்தைத் தேர்ந்தெடுத்தார். அவருக்கு முன்னால் மூன்றாவது வழி வைக்கப்படவில்லை. கூட்டம் நிறைந்த நம்முடைய பொது வார்டில் இரவுப் பணியில் இருக்கும் செவிலியரின் நிலையும் இதுதான். 'மூடி போடாதே' என்ற சுவரொட்டியைச் சுவரில் ஒட்டிவிட்டு, டப்பாவை இருபது கட்டில்களுக்கு அப்பால் வைப்பது எந்த ஊர் நியாயம்?

கவனம் மட்டும் போதாது என்பதற்கு எப்போதும் எடுத்துக்காட்டப்படுபவர் கேரன் டேலி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய செவிலியர். 1998ஆம் ஆண்டு ஜூலையில் நோயாளியிடம் இரத்தம் எடுத்தார், கையுறை போட்டிருந்தார், மூடியைத் திரும்பப் போடவில்லை, விதிப்படி ஊசியைச் சுவரில் இருந்த டப்பாவில் போடப் போனார். அந்தப் பெட்டியில் ஏற்கெனவே கிடந்த ஓர் ஊசி அவருடைய ஆள்காட்டி விரலில் குத்தியது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி இரண்டும் தொற்றின. அவர் வேலையை இழந்தார். ஆனால் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். 2000ஆம் ஆண்டு நவம்பரில் ஊசிக்குத்துத் தடுப்புச் சட்டத்தில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். பாதுகாப்பு அமைப்புள்ள கருவிகளை வாங்க வேண்டும், அவற்றைத் தேர்ந்தெடுப்பதில் வார்டில் வேலை செய்பவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும், ஒவ்வொரு காயத்துக்கும் பதிவேடு வேண்டும் என்றது சட்டம். அது நடைமுறைக்கு வந்த 2001ஆம் ஆண்டில் அந்நாட்டு மருத்துவமனைகளில் கூர்முனைக் காயங்கள் 38 சதவீதம் குறைந்ததாகப் பிறகு வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஓராண்டில் ஊழியர்களின் கவனம் 38 சதவீதம் கூடியிருக்கும் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

குத்தாமல் இருக்க

மிகப் பாதுகாப்பான ஊசி, போடாத ஊசி. கேட்க வேடிக்கையாக இருக்கலாம். தொழில்சார் பாதுகாப்பில் முதல் படியே ஆபத்தான பொருளை இல்லாமல் செய்வதுதான். மாத்திரையில் தீரும் காய்ச்சலுக்கும் 'ஓர் ஊசி போட்டுவிடுங்கள் டாக்டர்' என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஊசி போடாத மருத்துவர் கெட்டிக்காரரல்லர் என்று முடிவு கட்டுகிற நோயாளிக்குப் பயந்து, தேவையில்லாத ஊசியைப் போடுகிற சின்ன கிளினிக்குகளும் இருக்கின்றன. இப்படிப் போடும் ஒவ்வோர் ஊசியும், அதைப் போடுபவருக்கும் பிறகு குப்பையில் அள்ளுபவருக்கும் வீணான ஓர் ஆபத்து.

அடுத்தது கருவி. நோயாளியின் நரம்பிலிருந்து வெளியே வந்தவுடன் முனையில் தானாகவே ஒரு தடுப்பு வந்து மூடிக்கொள்ளும் வென்ஃப்ளான் வகைக் கான்யூலாக்கள், வேலை முடிந்ததும் ஊசி உள்ளே இழுத்துக்கொள்ளும் சிரிஞ்சுகள் எல்லாம் சந்தையில் இருக்கின்றன. விலை கூடுதல் என்பதால்தான் நம்மிடம் பரவவில்லை. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தடுப்பூசி முகாம்களில் ஒருமுறை அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்ச் பயன்படுத்துகிறார்களே, அது ஒரே சிரிஞ்சை இரண்டாவது ஆளுக்குப் போடாமல் தடுப்பதற்காக வந்தது. நோயாளியைக் காப்பாற்றும், ஊசிமுனை திறந்தே இருப்பதால் போடுபவரைக் காப்பாற்றாது.

கருவிக்குப் பணம் இல்லையென்றாலும் டப்பாவை நகர்த்துவதற்குப் பணம் தேவையில்லை. ஊசி போடும் இடத்துக்கு டப்பா வர வேண்டும். டப்பா இருக்கும் இடத்துக்கு ஊசி நடந்துபோகக் கூடாது. மருந்து வண்டியிலேயே அதைப் பொருத்திவிட்டால் பாதிப் பிரச்சினை அன்றே தீரும். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி ஊசி, பிளேடு போன்ற உலோகக் கூர்முனைகள் வெள்ளை நிறத்தில், உள்ளே இருப்பது தெரியும்படியான, குத்தினாலும் துளைபடாத, கசியாத டப்பாவுக்குள் போக வேண்டும். ஊசி நீக்கிய சிரிஞ்ச், டிரிப்ஸ் குழாய் போன்ற பிளாஸ்டிக் சிவப்புப் பைக்கு. உடைந்த மருந்துக் குப்பி, ஆம்பூல் நீலப் பெட்டிக்கு. பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பைக்கு. வெள்ளை டப்பா முக்கால் பங்கு நிரம்பியதும் மூடிவிட வேண்டும். இன்னும் இரண்டு ஊசிக்கு இடம் இருக்கிறதே என்று அமுக்குகிற கைதான் அடுத்த நோயாளி ஆகிறது.

பெரும்பாலான வார்டுகளில் ஊசியை வெட்டும் சிறு கருவி ஒன்று இருக்கும். நீடில் கட்டர் என்பார்கள். அதில் ஊசியைச் சிரிஞ்சின் கழுத்தோடு சேர்த்து வெட்ட வேண்டும். நுனியை மட்டும் நறுக்கினால் மிச்சமிருக்கும் கட்டை ஊசி சிவப்புப் பைக்குள் போய், அந்தப் பையைத் தூக்குபவரின் தொடையில் குத்தும். இன்சுலின் சிரிஞ்ச் போல ஊசி பிரிக்க முடியாமல் பொருத்தப்பட்டிருந்தால் அப்படியே முழுதாக வெள்ளை டப்பாவில் போட்டுவிட வேண்டியதுதான்.

மூடியே தீரவேண்டிய நேரமும் வரும். இரத்த வாயுப் பரிசோதனைக்கு எடுத்த சிரிஞ்சை ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கலாம். அப்போது மூடியை மேசையில் படுக்கவைத்து, மறு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, சிரிஞ்ச் பிடித்த ஒரே கையால் ஊசியை மூடிக்குள் நுழைத்துத் தூக்க வேண்டும். முழுதாக உள்ளே போனபிறகு மேசையில் ஊன்றி அழுத்திக்கொள்ளலாம். மறு கை ஆட்டத்திலேயே இல்லை என்பதுதான் இதன் சூட்சுமம். அறுவை அரங்கிலும் இதே எண்ணம்தான்: கத்தியைக் கையிலிருந்து கைக்கு நீட்டாமல் ஒரு தட்டில் வைப்பது, மற்றவர் அதிலிருந்து எடுத்துக்கொள்வது. முனை மழுங்கிய தையல் ஊசிகளும் உண்டு. தசைத் திசுவைத் தைக்க அவை போதும். கையுறை கிழிவதைப் பாதியாகக் குறைக்கின்றன.

கையுறை ஊசியைத் தடுக்காது. ஆனாலும் போட வேண்டும். இரத்தம் நேரடியாகத் தோலில் படாமல் காக்கிறது என்பதோடு, துளைக்கிற ஊசியின் மேலுள்ள இரத்தத்தையும் ஓரளவு வழித்துவிடுகிறது.

எல்லாக் கட்டிலும் ஒரே கட்டில்

சில மருத்துவமனைகளில் கேஸ் ஷீட்டின் மூலையில் சிவப்பு மையில் ஓர் அடையாளம் இருக்கும். அந்த நோயாளிக்கு மட்டும் இரட்டைக் கையுறை, கண்ணாடி, தனிக் கவனம். பக்கத்துக் கட்டிலுக்கு வெறும் கை. நோயாளியின் இரகசியத்தைக் கட்டிலில் எழுதி ஒட்டும் இந்த வழக்கம் ஊழியரையும் காப்பதில்லை. பரிசோதனை செய்யப்படாதவர்கள், தொற்றிய புதிதில் சோதனையில் பிடிபடாதவர்கள், தனக்கு இருப்பது தனக்கே தெரியாதவர்கள் என்று அடையாளம் இல்லாத கட்டில்களில்தான் எண்ணிக்கை அதிகம். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் 1986ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடிக்கும் வரை, அந்த வைரஸ் இந்த நாட்டில் இல்லை என்றுதான் பலர் நம்பியிருந்தார்கள். அதற்கு முந்தைய நாள்வரை இங்கே கையாளப்பட்ட இரத்தத்தில் எதிலும் சிவப்பு மை இல்லை.

யார் இரத்தமானாலும் தொற்றுள்ளதாகவே எண்ணி நடந்துகொள்வது என்ற முறையை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எண்பதுகளின் நடுவில் வகுத்தது, எச்.ஐ.வி. கொடுத்த அதிர்ச்சியில். இன்று அது உலகம் முழுவதும் அடிப்படை விதி. எல்லாருக்கும் ஒரே கையுறை, ஒரே டப்பா, ஒரே எச்சரிக்கை.

தடுப்பூசியைப் பற்றி ஏற்கெனவே கோபப்பட்டுவிட்டேன், விவரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதம் மூன்றாவது. இரண்டு போட்டுவிட்டு மூன்றாவதை மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. மூன்றும் முடிந்து ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவைப் பார்க்க வேண்டும். 10 அலகுக்கு மேல் இருந்தால் போதுமானது. அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள், பிறகு எத்தனை ஆண்டு கழித்துக் குத்தினாலும் ஹெபடைடிஸ் பி பற்றிக் கவலை இல்லை. இளம் வயதினரில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு இது வந்துவிடும். வராதவர்கள் இன்னொரு சுற்றுப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்தத் தடுப்பூசியை ஊழியர்களுக்குப் போடுவது நிர்வாகத்தின் கடமை என்று மேலே சொன்ன 2016ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. கழிவைக் கையாளும் எல்லாருக்கும் அது பொருந்தும், ஒப்பந்தத் தொழிலாளருக்கும் சேர்த்துத்தான்.

குத்திவிட்டது, இப்போது?

கையில் இருக்கும் வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுக் குழாயடிக்குப் போங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விரலைப் பிதுக்கி இரத்தத்தை வெளியேற்ற முயல வேண்டாம். பழக்கதோஷத்தில் விரலை வாயில் வைக்கவே கூடாது. பிளீச்சிங் கரைசல், டெட்டால், ஸ்பிரிட் எதையும் ஊற்ற வேண்டாம். அவை புண்ணைத்தான் பெரிதாக்கும். கண்ணில் தெறித்திருந்தால், கண்ணுக்குள் வைக்கும் வில்லை (கான்டாக்ட் லென்ஸ்) போட்டிருந்தாலும் முதலில் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டு, பிறகு வில்லையை எடுத்துவிட்டு மறுபடி கழுவ வேண்டும்.

அடுத்தது, பணி முடியும்வரை காத்திருக்காமல் உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சீக்கிரம் தொடங்குவதில்தான் அதன் பலன் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் முதல் வேளை விழுங்குவது நல்லது. 72 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கிப் பயனில்லை. மொத்தம் 28 நாள், ஒரு நாளும் விடாமல். அந்தக் காலத்து ஜிடோவுடின் என்ற ஒற்றை மருந்தே தொற்றும் வாய்ப்பை ஏறத்தாழ 81 சதவீதம் குறைத்தது என்று 1997ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இப்போது இந்தியாவில் கொடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்தது. பழைய மருந்துகளைப்போல ஆளைப் படுக்கவைப்பதில்லை. அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசம். நடு இரவில் குத்தினால் அவசர சிகிச்சைப் பிரிவில் முதல் வேளை கிடைக்க வேண்டும். உங்கள் மருத்துவமனையில் அது எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் என்பதைக் குத்துவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளியின் ஒப்புதலைப் பெற்று அவருடைய இரத்தத்தைச் சோதிப்பார்கள். முடிவு வரும்வரை மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தொற்று இல்லையென்று தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம். குத்திய ஊசியையே சோதனைக்கு அனுப்புவதில் பயன் கிடையாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முழுமையாகாதவர்களுக்கு, நோயாளிக்கு அந்தத் தொற்று இருந்தால், தடுப்பூசியோடு, எதிர்ப்புப் பொருளை நேரடியாகத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள். ஹெபடைடிஸ் சிக்கு முன்கூட்டித் தடுக்கும் மருந்து இல்லை. ஆனால் இன்று அது குணமாகும் நோய். மூன்று மாத மாத்திரையில் 95 சதவீதத்துக்கு மேல் தீர்ந்துவிடுகிறது, 2018ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. ஆகவே மூன்று முதல் ஆறு வாரத்தில் வைரஸ் சோதனை செய்துகொண்டு காத்திருக்கலாம்.

எச்.ஐ.வி.க்கு ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று திரும்பத் திரும்பச் சோதிப்பார்கள். இந்தக் காலத்தில் இரத்த தானம் கூடாது, கணவன் மனைவிக்கிடையில் ஆணுறை வேண்டும், தாய்ப்பால் கொடுப்பவர் மருத்துவரிடம் பேச வேண்டும். ஆயிரத்தில் மூன்று என்ற கணக்கைத் தெரிந்தவர்கூட அந்த ஆறு மாதமும் தூக்கமில்லாமல்தான் இருப்பார். வார்டில் கூட வேலை செய்பவர்கள் குத்திக்கொண்டவரிடம் காட்டும் முகம் அப்போது மருந்துக்கு நிகரானது.

எதை விட்டாலும், குத்திய அன்றே உங்கள் இரத்தத்தையும் கொடுத்துச் சோதித்துக்கொள்வதை விடாதீர்கள். அன்று தொற்று இல்லை என்று எழுத்தில் இருந்தால்தான், பின்னால் வந்தது வேலையால் வந்தது என்று காட்ட முடியும். பதிவேட்டில் ஏறாத காயத்துக்கு இழப்பீடு கேட்பதும் கடினம், மருத்துவ விடுப்பு கேட்பதும் கடினம். மூடி மறைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. அவர்களையும் குறைசொல்ல முடியாது. எழுதிக் கொடுத்தால் மெமோ வரும், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது, ஊருக்கெல்லாம் தெரியும் என்று பயப்படுகிறார்கள். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம், தொற்று அபாயம் உள்ள நிறுவனங்கள் தம்மிடம் வேலை செய்யும் எல்லாருக்கும் பாதுகாப்புப் பொருள்களும் பயிற்சியும் காயத்துக்குப் பின் தடுப்பு மருந்தும் தர வேண்டும் என்கிறது. அதாவது மருந்தைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. ஓராண்டில் ஓர் ஊசிக்குத்துகூட நடக்கவில்லை என்று பதிவேடு காட்டும் பெரிய மருத்துவமனையை நான் நம்புவதில்லை. அங்கே குத்துவது நிற்கவில்லை, சொல்வதுதான் நின்றிருக்கிறது.

ஊசியைத் தொடாதவர்களைக் குத்தும் ஊசி

செவிலியருக்காவது தன்னைக் குத்தியது எந்த நோயாளியின் ஊசி என்று தெரியும். மெத்தைவிரிப்பைச் சுருட்டும்போது, குப்பைப் பையைக் கட்டும்போது, கழிவறையைக் கழுவும்போது குத்துபட்ட தூய்மைப் பணியாளருக்கு அதுவும் தெரியாது. யாருடைய இரத்தத்தைச் சோதிப்பது? ஆபத்து இருப்பதாகவே வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டியிருக்கும். தடுப்பூசி போடப்படாதவர்களும், குத்தியதைச் சொன்னால் வேலை போய்விடும் என்று அஞ்சுபவர்களும் அதிகமாக இருப்பதும் இந்த வரிசையில்தான். பையை உடம்போடு அணைத்துத் தூக்காமல் வாயைப் பிடித்துத் தூக்குவது, பையை அமுக்கிக் காற்றை வெளியேற்றாமல் இருப்பது, தடித்த ரப்பர் கையுறையும் மூடிய காலணியும் போடுவது ஆகியவற்றை இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஊசியைத் தப்பான பையில் போட்டது மேலே இருக்கிற ஒருவர் என்பதை அந்த ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இந்த வரிசை மருத்துவமனை வாசலோடு முடிவதில்லை. சர்க்கரை நோய்க்கு வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொள்பவர்களின் ஊசியும் லான்செட்டும் காய்கறித் தோலோடு சேர்ந்து தெருவோர வண்டிக்குப் போகின்றன. அதைக் கையால் பிரிக்கிறவர் ஒரு மாநகராட்சி ஊழியர். வீட்டில் இப்படி யாராவது இருந்தால், மூடி திருகும் கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை ஒதுக்குங்கள். பினாயில் டப்பா, சலவைத் திரவ டப்பா எதுவானாலும் சரி. நசுங்கும் தண்ணீர் பாட்டில் வேண்டாம். வெளியே ஊசி என்று பெரிதாக எழுதுங்கள். முக்கால் நிரம்பியதும் மூடியை இறுக்கி டேப் சுற்றி, நீங்கள் மருந்து வாங்கும் மருத்துவமனையில் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் வீட்டு அபாயக் கழிவு என்று சொல்லித் தூய்மைப் பணியாளரின் கையில் தனியாகக் கொடுங்கள். மற்றக் குப்பையோடு வண்டியில் எறிய வேண்டாம்.